உள்ளே வரலாமா, சார்?

(நூலக வாரத்தையொட்டிக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற நூலகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூலக வார விழா என்றால் பேச்சாளர் "நூலகம் ஓர் அறிவுக் கோயில்" என்று தொடங்குவது வழக்கம். நானே பல மேடைகளில் அப்படித் தொடங்கியிருக்கிறேன். இன்று அந்தச் சொல்லைத் தொடப் போவதில்லை. கோயில் என்றதும், யார் உள்ளே போகலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்ற பேச்சு நம் ஊரில் தானாகப் பின்னால் வந்துவிடும். நூலகத்துக்கு அந்த வம்பு வேண்டாம்.

33 வருஷம் நூலகராக வேலை பார்த்தேன். அதில் நான் கற்றுக்கொண்டதில் பாதியை ஒரு கீரைக்கார அம்மாவிடமிருந்துதான் கற்றேன். அவருடைய மகள் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் நூலகத்தில் உறுப்பினர். பள்ளி விட்டதும் வந்து சிறுவர் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஒரு ஐப்பசி மாலை, திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மா குடையோடு மகளை அழைத்துப் போக வந்தார். குடை ஒன்றுதான், அதை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் சாரலில் நனைந்தபடி நின்றார். "உள்ளே வாங்கம்மா, ஏன் நனைகிறீர்கள்?" என்றேன். அவர் கேட்டார்: "உள்ளே வரலாமா, சார்? எனக்குப் படிக்கத் தெரியாதே."

அந்தக் கட்டடத்தில் அப்போது எனக்குப் பதினோராம் வருஷம். தினமும் காலையில் கூடையோடு அந்த வாசலைக் கடந்துதான் அவர் போவார். அவரை யாரும் தடுத்ததில்லை. தடுக்கும்படி ஒரு பலகையும் இல்லை. பிறகு யார் அவரிடம் அப்படிச் சொன்னது? அன்று இரவு நூலகத்தைப் பூட்டும் முன், அவர் நின்ற அதே படியில் நின்று உள்ளே பார்த்தேன். பாதி மூடிய கம்பிக் கதவு. அதை ஒட்டி நாளிதழ் மேசை. அதைச் சுற்றி எப்போதும் எட்டுப் பத்து ஆண்கள், ஒரே தினசரியைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் பூட்டிய கண்ணாடி அலமாரிகள். சுவரில் 'அமைதி காக்கவும்', 'பைகளை வெளியே வைக்கவும்', 'புத்தகத்தைக் கிழிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்'. மூன்று பலகை இருந்தது. மூன்றும் நான் எழுதி வைத்தவை. 'வாருங்கள்' என்று ஒன்றுகூட இல்லை.

சமுதாயத்தை ஈர்க்கும் நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசும்படி என்னைக் கேட்டார்கள். கோலப் போட்டி, பட்டிமன்றம், பேச்சுப் போட்டி எல்லாம் நல்லவைதான்; நடத்துங்கள். ஆனால் நம் நூலகங்களின் நோய் வேறு. நூலகம் வாசகரைச் சந்தேகப்படுகிறது. அது தீராதவரை எந்த விழா எடுத்தாலும், வந்த கூட்டம் சுண்டலோடு போய்விடும்.

இந்தச் சந்தேகத்தை முதலில் கைவிட்டவர் நம்ம ஊர்க்காரர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சேர்ந்த சில நாட்களிலேயே வேலை பிடிக்கவில்லை. வாசகர்களே வராத நூலகத்தில் அவர் என்ன செய்வார்? கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று நின்றார். முதலில் லண்டன் போய்ப் படித்து வா, அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். அங்கே குராய்டன் என்ற ஊரின் பொது நூலகத்தைப் பார்த்தார். குழந்தைகளும் கூலி வேலைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் சகஜமாக வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். திரும்பி வந்த மனிதர் கல்லூரிப் பக்கம் போகவேயில்லை.

வந்து செய்த முக்கியமான காரியம், அலமாரிகளைத் திறந்து வைத்தது. அதுவரை, வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆள் எடுத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இனி வாசகரே அடுக்குகளுக்கிடையே போகலாம், தொடலாம், புரட்டலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம் என்றார். இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. புடவைக் கடையை நினைத்துப் பாருங்கள். கேட்டதை மட்டும் எடுத்துப் போடுகிற கடைக்கும், நீங்களே அடுக்கில் கைவிட்டு எடுக்கிற கடைக்கும் எவ்வளவு வித்தியாசம்! இரண்டாவது கடை உங்களை நம்புகிறது.

அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' 1931-இல் வெளிவந்தது. முதல் விதி, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. இதை ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். நூலகர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகர் முகமெல்லாம் சிரிப்பாகத் தெருவில் போனாராம். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, எல்லாப் புத்தகமும் அலமாரிக்கு வந்துவிட்டது, இரண்டுதான் பாக்கி, அவற்றை வாங்கத்தான் போகிறேன் என்றாராம். சிரிக்காதீர்கள். கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் எங்கள் துறையில் எல்லோர் முகத்திலும் அந்த ஆசைதான் இருக்கும்.

ஐந்து விதிகள் வந்த அதே 1931-இல், அக்டோபர் மாதம், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. உள்ளே நெல் இல்லை, வைக்கோல் இல்லை, புத்தகங்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த நடமாடும் நூலகம் அது. ரங்கநாதன் வந்து தொடங்கிவைத்தார். இந்த வண்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் 'ஆசியாவிலேயே', 'உலகத்திலேயே' என்று ஆரம்பித்துவிடுகிறோம். அந்தப் போட்டி எனக்கு முக்கியமில்லை. அந்த வண்டிக்கு வாசற்படி இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். கதவைத் தள்ள வேண்டாம், செருப்பை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டாம், நூலகர் முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தெருவில் வண்டி வந்து நின்றால் பிள்ளைகள் சுற்றிக்கொள்வது எந்த வண்டிக்கும் உள்ள ராசி.

இதே மாதிரி, கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் இரண்டு கழுதைகள் மேல் புத்தகம் ஏற்றிக்கொண்டு குக்கிராமங்களுக்குப் போனார். கழுதைகளின் பெயர் ஆல்ஃபா, பெத்தோ. சேர்த்துச் சொன்னால் அவர்கள் மொழியில் அரிச்சுவடி. அந்தக் கிராமங்களுக்கு லாரி போகாது, கழுதை போகும். காவிரிப் பாசன வரப்புச் சாலையில் மாடு போகும். நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய 'நூலக நண்பர்கள்' திட்டமும் இந்த வகைதான். நூலகத்துக்கு வர முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மேலவாசல் வண்டி இன்று ஸ்கூட்டியில் போகிறது.

இன்னொன்று. சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னாலும் ரங்கநாதனின் பல வருஷ உழைப்பு இருக்கிறது. அந்தச் சட்டம்தான் நூலக வரியைக் கொண்டுவந்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. கீரைக்கார அம்மாவுக்கு ஓட்டு வீடு ஒன்று இருந்தது, வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்தார். 'உள்ளே வரலாமா' என்று அவர் என்னிடம் அனுமதி கேட்ட அந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் விலங்குகள் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்துப் போனான். கூரை ஒழுகி, புத்தகம் ஊறி, கஞ்சியில் போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. அதை வெயிலில் காயவைத்து, பக்கங்களைப் பிரிக்கப் பார்த்து, முடியாமல், ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தான். நான் புத்தக விலையையும் தாமதத்துக்கான தண்டத்தையும் கூட்டி, ஒரு சீட்டில் எழுதி, "அப்பாவிடம் காட்டு" என்று கொடுத்தேன். விதிப்படி எல்லாம் சரி. பையன் அப்புறம் வரவேயில்லை. அவன் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த ஐந்து பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். முப்பத்தைந்து ரூபாய்ப் புத்தகத்துக்கு ஆறு வாசகர்களைக் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? கல் மனசு என்பதால் இல்லை. பயம். இருப்புச் சரிபார்ப்பு வரும். பதிவேட்டில் உள்ள புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் விளக்கம் கேட்பார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் எங்கள் தலைமுறை நூலகர்கள் எல்லோர் எலும்பிலும் ஊறியது. சந்தேகம் மேலிருந்து கீழே இறங்குகிறது. அதிகாரி நூலகரை நம்புவதில்லை, நூலகர் வாசகரை நம்புவதில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயமாக இருக்கின்றன. ஆண்டில் வெளியே போகும், பார்வையிடப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவது நியாயமான இழப்பு, ஏமாற்றோ அலட்சியமோ இல்லையென்றால், என்கின்றன. புழங்கினால் தேயும். இதை ஒப்புக்கொள்கிற ஒரு வரி, ஆயிரம் சுவரொட்டிகளைவிட நூலகத்தை வரவேற்பாக்கும். நம் எல்லா நூலகங்களுக்கும் அது நடைமுறையாக வேண்டும் என்பது என் கட்சி.

சிகாகோ நகரப் பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதத் தண்டத்தை மொத்தமாக எடுத்துவிட்டது. பழைய பாக்கிகளையும் தள்ளுபடி செய்தது. பாக்கியால் அட்டை முடங்கிக் கிடந்தவர்கள் ஏழைப் பகுதிகளில்தான் அதிகம் என்பது அவர்கள் கணக்கிலேயே தெரிந்திருந்தது. தண்டம் இல்லையென்றால் யார் புத்தகத்தைத் திருப்பித் தருவார்கள் என்று நம்மைப் போலவே அங்கும் கேட்டார்கள். நடந்தது நேர்மாறு. பயந்துபோய் வீட்டில் ஒளித்து வைத்திருந்த புத்தகங்கள் மேசைக்குத் திரும்ப ஆரம்பித்தன. புத்தகத்தோடு ஆட்களும் திரும்பினார்கள். 2021-இல் நியூயார்க்கும் தண்டத்தைக் கைவிட்டது. இது எனக்கு முப்பது வருஷம் முன்பே தெரிந்திருந்தால், மஞ்சள் பைப் பையனுக்கு அன்று வேறொரு படப் புத்தகம் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

கீரைக்கார அம்மா கதை பாதியில் நிற்கிறது. மழைக்கு மறுநாள் நான் செய்த காரியத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. நாளிதழ் மேசையை வாசலிலிருந்து தூக்கிப் பின் தாழ்வாரத்தில் போட்டேன். பெரியவர்களுக்குக் கோபம். இரண்டு நாள் கழித்து, அங்கே காற்று நன்றாக வருகிறது என்றார்கள். வாசல் காலியானது. அந்த வாரமே, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைக்க வரும் அம்மாக்கள் இரண்டு பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வழி கொடுத்தால் வந்துவிடுவார்கள். எட்டுப் பத்து ஆண்களின் முதுகைக் கடந்து ஒரு பெண் உள்ளே வர வேண்டும் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, கீரைக்கார அம்மாவைக் கூடையோடு தாழ்வாரத்தில் உட்கார வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தோம். மணத்தக்காளி, முடக்கத்தான், பொன்னாங்கண்ணி, முருங்கை என்று ஒவ்வொன்றாக எடுத்து, கிள்ளி, முகரக் கொடுத்தார். எது மழைக்குத் தளிர்க்கும், எதைப் புளி விட்டுக் கடையக் கூடாது, எது வாய்ப்புண்ணுக்கு என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பெருமையாக எங்கள் அலமாரியிலிருந்து மூலிகைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். ஒரு படத்தைப் பார்த்து நிறுத்தினார். மகள் அடியில் போட்டிருந்த பெயரை வாசித்தாள்: தூதுவளை. "இது தூதுவளை இல்லை, சார். கண்டங்கத்திரி. முள்ளு பாருங்க, இலைநரம்புல நேரா நிக்குது." படம் மாறி அச்சாகியிருந்தது. எத்தனையோ பேர் எடுத்துப் போன புத்தகம். படிக்கத் தெரியாத ஒருவர்தான் பிழையைக் கண்டுபிடித்தார். பென்சிலால் திருத்தி வைத்தேன்; அந்தத் திருத்தம் இன்னும் அந்தப் பிரதியில் இருக்கும்.

டென்மார்க்கில் 2000-இல் ஓர் இசை விழாவில் 'மனித நூலகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரை அரை மணி நேரம் இரவல் வாங்கிப் பேசலாம். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அதைப் படித்தபோது, அந்த அம்மாவுக்கு நான் ஒரு பட்டியல் எண் போட மறந்துவிட்டேனே என்று தோன்றியது.

அதே டென்மார்க்கில், ஆர்ஹூஸ் நகரில், 'டொக் 1' என்ற நூலகம் 2015-இல் திறந்தது. அங்கே கூரையிலிருந்து சுமார் மூன்று டன் எடையுள்ள பெரிய குழாய் மணி ஒன்று தொங்குகிறது. ஊர் மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தலாம்; நூலகத்தில் மணி ஒலிக்கும். நான் நேரில் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். 'அமைதி காக்கவும்' என்று எழுதி வைத்த எனக்கு அதைக் கேட்டதும் வெட்கமாக இருந்தது. நூலகத்துக்குள் ஒரே ஒரு சத்தத்துக்கு அனுமதி உண்டென்றால், அது ஊரில் ஒரு பிள்ளை பிறந்த சத்தமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த 'ஊடி' நூலகம் நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கிறது. கட்டும் முன்பே, என்ன வேண்டும் என்று ஊர் மக்களிடம் கேட்டார்கள். ஆகவே அங்கே தையல் எந்திரம் இருக்கிறது, இசைப் பதிவு அறை இருக்கிறது, சமையலறை இருக்கிறது. புத்தகங்களுக்கு மேல்தளம். இதைக் கேட்டு நம்மவர்கள் சிலர், நூலகமா தையல் கடையா என்று கேலி செய்வார்கள். தையல் எந்திரச் சத்தம் கேட்காத தெரு நம் ஊரில் உண்டா? அந்த எந்திரத்தை மிதிக்கிற பெண்ணுக்கு இந்தக் கட்டடத்தில் இதுவரை என்ன வைத்திருக்கிறோம்? கேலி செய்வதற்கு முன் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அவ்வளவு பணம் நமக்கு ஏது என்று கேட்கலாம். பணம் வரும் இடத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். சிறுவர் பகுதியும், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்க இடமும் அங்கே இருக்கின்றன. இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். சிறு ஊர்களில் நூலகர்கள் சிலர், "இவர்கள் நம் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, நாற்காலியைத்தான் அடைக்கிறார்கள்" என்று தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் குறை சொல்வார்கள். வீட்டில் மேசையும் மின்விசிறியும் அமைதியும் இருந்தால் அந்தப் பிள்ளை ஏன் இங்கே வருகிறது? நாற்காலியும் நூலகத்தின் சொத்துதான். அதையும் இரவல் கொடுக்கலாம்.

பணத்தைவிட நமக்குக் குறைவாக இருப்பது உரிமை உணர்வு. இதில் கேரளத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை. பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் 1945-இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கம் ஆக்கினார். 'படித்து வளருங்கள்' என்பதுதான் கோஷம். அங்கே நூலகச் சட்டம் வந்தது 1989-இல். நமக்கு அதைவிட நாற்பது வருஷத்துக்கு முன்பே சட்டம், வரி, துறை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அங்கே ஊர்க்காரர்கள் இடம் கொடுத்து, ஓடு வேய்ந்து, கமிட்டி போட்டு, சண்டை போட்டு நடத்தினார்கள். பெண்கள் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நமக்கு நூலகம் அரசு கொடுத்த கட்டடம். கூரை ஒழுகினால் மனு எழுதுவோம். அவர்கள் ஏணி கொண்டு வருவார்கள். முழு உண்மை இது இல்லை என்று எனக்குத் தெரியும்; யாழ்ப்பாணம் பொது நூலகம் 1930-களில் செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுத்ததில் தொடங்கியது. 1981-இல் அது எரிக்கப்பட்டபோது தொண்ணூற்றைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின. இன்றும் அதைச் சொல்லும்போது அங்குள்ளவர்கள் 'எங்கள் நூலகம்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழருக்கு அந்தச் சொல் வராது என்று இல்லை.

நேரம் ஆகிறது. வாசகர் வட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன்.

இன்று மாலை நான் வந்தபோது, இந்த நூலகத்திலும் வாசலை அடைத்துக்கொண்டு நாளிதழ் மேசை கிடப்பதைப் பார்த்தேன். நூலகர் தம்பியிடம் பேசிவிட்டேன். பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சம்மதித்துவிட்டார். நாளைக் காலை பத்து மணி. பழைய தேக்கு மேசை, ஒருவரால் ஆகாது. நான்கு பேர் கை கொடுக்க வர வேண்டும். வரும்போது வீட்டிலிருந்து இதுவரை உள்ளே வராத ஒருவரையும் அழைத்து வாருங்கள்.